பேச்சித்தாய் விற்கப்போன ஆறு மிஷின்கள்

மேலகரத்தில் பேச்சித்தாயைப் பார்த்து, "காயின் மிஷினு எப்படி ஓடுது?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் தொலைந்தீர்கள். பால் வாங்கப் போகிறவர் பாலை மறந்துவிட வேண்டியதுதான். எந்த மிஷினுக்கு ஃபேன் மாற்றினாள், எது மூச்சு வாங்குகிறது, எது நேற்று கோபித்துக்கொண்டு நின்றுவிட்டது என்று பெற்ற பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதுபோல் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவாள். கேட்டவருக்கு ஒன்றும் விளங்காது. விளங்கவில்லையே என்று அவள் கவலைப்பட்டதும் கிடையாது.

விளங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புப் பெட்டி. முன்னால் ஒரு ஃபேன், பின்னால் ஒரு ஃபேன். உள்ளே இருக்கிற சில்லுகள் இராப்பகலாக ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும். உலகத்தில் எங்கெங்கோ ஓடுகிற இதே மாதிரி மிஷின்களோடு சேர்ந்து போடுகிற கணக்கு அது. அதற்குக் கூலியாக பிட்காயினில் ஒரு துளியின் துளி அவள் போனில் வந்து விழும். கரண்டைத் தின்னும், காயினைத் தரும். நடுவில் காது கிழிகிற சத்தமும் அடுப்பங்கரைச் சூடும். அவ்வளவுதான்.

அப்படி ஆறு மிஷின் வைத்திருந்தாள். சத்தத்தைக் கேட்டுவிட்டு ஆறுக்கும் குற்றாலத்து அருவிகளின் பெயரையே வைத்துவிட்டாள். பேரருவிதான் ஆகச் சத்தம். சிற்றருவி சாது. புலியருவிக்கு மட்டும் கொஞ்சம் முன்கோபம், சூடு ஏறினால் பொட்டென்று நின்றுகொள்ளும். வீட்டுக்குப் பின்னால் மாமனார் காலத்து மாவு மில் ஒன்று பூட்டிக் கிடந்தது. மில்லுக்கு வாங்கின மூன்று பேஸ் கரண்டு அப்படியே இருந்தது. அரவை மிஷினை எடைக்குப் போட்டுவிட்டு அந்த இடத்தில் இந்த ஆறையும் வரிசையாக அடுக்கி, சூடு வெளியே போகப் பின்சுவரில் ஒரு ஓட்டையும் போட்டுவிட்டாள்.

அந்த மில் ரூமுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. ஈரம் உள்ளே வரக்கூடாது. வாசலில் சாக்கு போட்டிருக்கும், காலைத் துடைக்காமல் எவரும் படி ஏற முடியாது. குளித்துவிட்டுத் தலை ஈரத்தோடு உள்ளே எட்டிப் பார்த்த ஒரே குற்றத்துக்காக அவள் புருஷன் இசக்கிப்பாண்டி ஒருநாள் முழுக்கத் திட்டு வாங்கியிருக்கிறான். "ஈரம் பட்டுதுன்னா போர்டு போச்சு, போர்டு போச்சுன்னா மிஷினு போச்சு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். இதில் வேடிக்கை என்னவென்றால், இசக்கிப்பாண்டிக்குத் தொழிலே ஈரம்தான். குற்றாலத்து லாட்ஜுகளில் இருந்து பெட்ஷீட், போர்வை, துண்டு எல்லாவற்றையும் லோடு ஆட்டோவில் அள்ளிக்கொண்டு வந்து, துவைத்து, காயப்போட்டு, தேய்த்துக் கொடுக்கிற லாண்டரி அவனுடையது.

பேச்சித்தாய் கீழப்பாவூர்க்காரி. கம்ப்யூட்டர் படித்துவிட்டுத் தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு நெட் சென்டரில் வேலைக்கு நின்றாள். பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தவர்கள், பட்டாவுக்கு மனுப் போட வந்தவர்கள், ரயில் டிக்கெட்டுக்கு வந்தவர்கள் என்று எல்லோருக்கும் டைப் அடித்துக் கொடுத்தாள். கல்யாணமாகி மேலகரம் வந்த பிறகும் அந்த வேலையை விடவில்லை. கொரோனா வந்து கடையை மூடினபோதுதான் வீட்டில் உட்கார்ந்து யூடியூப்பில் இந்த மிஷின்களைப் பார்த்தாள். பார்த்தாள் என்று சொன்னால் போதாது, விழுங்கினாள். கோயம்புத்தூரில் ஒருத்தன் பழசாக விற்கிறான் என்று கேள்விப்பட்டு, கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அடகு வைத்து ஆறையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

சொந்தபந்தம் முழுக்கச் சிரித்தது. "பேச்சிக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டு" என்றார்கள். முதல் வருஷம் முடிவதற்குள் சங்கிலியையும் மீட்டு, ஸ்கூட்டியும் வாங்கி, வீட்டைச் சுற்றிக் காம்பவுண்டுச் சுவரும் எடுத்தபோது அதே ஆட்கள் வீடு தேடி வந்து, "எங்களுக்கும் ஒரு மிஷினு வாங்கித் தாயேன்" என்று கேட்டார்கள். தன் கையால், தன் புத்தியால் சம்பாதித்த சுவர் அது. அந்தச் சுவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவள் நடையே வேறு மாதிரி இருக்கும்.

அப்புறம் இறங்குமுகம். காயின் விலை ஒருபக்கம் ஏறி இறங்கி ஆட்டம் காட்டியது. கூலி பாதியாகக் குறைந்தது. புதுசு புதுசாக வந்த பெரிய மிஷின்களுக்கு முன்னால் இவளுடைய ஆறும் கிழடுதட்டிப் போயின. வருகிற காயின் கரண்டு பில்லுக்கே போதவில்லை. முதலில் லேசாகக் கையைக் கடித்தது. பிறகு நன்றாகவே கடித்தது. ஒவ்வொரு பில் வரும்போதும் வீட்டில் ஒரு சண்டை.

"இந்த ஆறு சனியனையும் தூக்கிப் போட்டா, அந்த ரூம்ல நான் கொடி கட்டித் துணியாவது காயப்போடுவேன்" என்பான் இசக்கிப்பாண்டி.

"கட்டுவிய, கட்டுவிய. என் பொணத்து மேல கட்டுங்க" என்பாள் இவள்.

அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. சீசன் என்றால் குற்றாலத்துக்குக் கொண்டாட்டம், லாண்டரிக்காரனுக்குத் திண்டாட்டம். வேலை குவிந்து கிடக்கும், வெயில் இருக்காது. விடிந்தால் சாரல், அடைந்தால் சாரல். மாடியில் போட்ட பெட்ஷீட் மூன்று நாளானாலும் கையில் எடுத்தால் சில்லென்று இருக்கும், முகர்ந்தால் முடைநாற்றம் அடிக்கும். பெரிய டிரையர் வைத்திருக்கிற லாண்டரிகள் திருநெல்வேலியில் இருந்து வண்டி அனுப்பி ஒவ்வொரு லாட்ஜாகப் பிடித்துக்கொண்டு போயின. இசக்கிப்பாண்டியிடம் மிஞ்சியது ஒரே ஒரு பெரிய லாட்ஜ், சாரல் நிவாஸ். அதுவும் இந்த சீசனோடு போய்விடும் போலிருந்தது.

கடைசியில் மிஷின்களை விற்றுவிடலாம் என்று சொன்னது பேச்சித்தாய்தான். யாரும் அவளைத் தோற்கடிக்கவில்லை. அவளே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தாள், எப்படிப் போட்டாலும் நட்டம்தான் வந்தது. கணக்குத் தெரிந்தவளுக்குக் கணக்கோடு மல்லுக்கட்ட முடியாது. நாகர்கோவிலில் தாணு என்று ஒரு யாவாரி. பழைய மிஷின்களை வாங்கி, கரண்டு மலிவாகக் கிடைக்கிற ஊர்களுக்கு அனுப்புகிறவர். அவர் வந்து பார்த்தார், விலை பேசினார், அச்சாரம் கொடுத்தார், சனிக்கிழமை சாயங்காலம் வேன் கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் பேச்சித்தாய் மில் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்தச் சத்தத்தில் எவ்வளவு அழுதாலும் வெளியே கேட்காது.

போகிறதுதான் போகிறது, வேன் வருகிற வரைக்கும் ஓடட்டும் என்று நிறுத்தாமல் விட்டிருந்தாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் தூத்துக்குடியில் இருந்து சொக்கம்மாள் வந்து இறங்கினாள். இசக்கிப்பாண்டிக்கு உடன்பிறந்த அக்கா. சீசன் தொடங்கினால் தென்காசிச் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டுக்கும் சொந்தக்காரர் தட்டுப்பாடு கிடையாது. ஒரு வருஷமாகப் போன் பண்ணாதவர்கள்கூட, "அருவியில தண்ணி விழுதாமே" என்று கேட்டுக்கொண்டு பையோடு வந்து நிற்பார்கள். சொக்கம்மாளும் புருஷன், பிள்ளைகள், கொழுந்தன் குடும்பம் என்று ஒரு வேன் நிறைய ஆளோடு வந்தாள். சனிக்கிழமை விடியற்காலையிலேயே எல்லோரும் ஐந்தருவிக்குப் போய் ஆசை தீரக் குளித்துவிட்டு, ஒரு பை மங்குஸ்தானும் ஒரு மூட்டை ஈரத்துணியுமாகத் திரும்பி வந்தார்கள்.

அன்றைக்கு வீட்டில் ஏற்கனவே தீப்பிடித்த மாதிரி இருந்தது. சாரல் நிவாஸ் மேனேஜர் லட்சுமிநாராயணன் காலையில் இருந்து போன் மேல் போன்.

"இசக்கி, மத்தியானத்துக்கு மேல ரூமெல்லாம் புக்கிங். பெட்ஷீட் வரலேன்னா வாறவன் என் தோலைத்தான் விரிச்சுப் படுப்பான். முடியும் முடியாதுன்னு சொல்லிடு. நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

"வந்துரும் சார், வந்துரும்" என்று இசக்கிப்பாண்டி சொன்னானே தவிர, மாடிக் கொடியில் தொங்கியதெல்லாம் இரண்டு நாளாகச் சொட்டிக்கொண்டே இருந்தது. இஸ்திரிப் பெட்டியை வைத்தே காய வைத்துவிடலாம் என்று ஒவ்வொன்றாகத் தேய்க்க ஆரம்பித்தான். ஆவி கிளம்பியதே ஒழிய ஈரம் போகவில்லை.

பேச்சித்தாய் அப்போது வீட்டில் இல்லை. மிஷின்களைப் பொதிந்து அனுப்ப அட்டைப்பெட்டி வாங்கத் தென்காசிக்குப் போயிருந்தாள். பெட்டிகளை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு திரும்பி வரும்போது தெருமுனையிலேயே பிரேக் போட்டாள். சத்தம் சரியில்லை. ஆறு சத்தத்தில் ஒன்று குறைந்தால் மற்றவர்களுக்குத் தெரியுமா? அவளுக்குத் தெரியும். பெட்டியெல்லாம் ரோட்டில் சரிய ஸ்கூட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

மில் ரூம் கதவு விரியத் திறந்து கிடந்தது. புலியருவி நின்றிருந்தது. அதன் வாயில், காற்றை உள்ளிழுக்கிற ஃபேன் மேல், ஒரு ஈரத்துண்டு சப்பென்று ஒட்டிக்கொண்டிருந்தது. அது மட்டுமா? சுவருக்குச் சுவர் ஒரு கயிறு. அதில் சேலை, பாவாடை, பிள்ளைகளின் டிரவுசர், ஒரு ஆள் உயரப் பூந்துவாலை.

"யாரு! யாரு உள்ள வந்தது!"

"நான்தாம்ட்டி. ஏன் இப்படி அலறுத?" சொக்கம்மாள் மங்குஸ்தானை உரித்தபடியே வந்தாள்.

"மதினி, என்ன காரியம் பண்ணிட்டிய! ஈரத்தக் கொண்டாந்து உள்ள போட்டிருக்கியளே, இத இன்னைக்கு வித்துக் குடுக்கணும். போர்டு போச்சுன்னா யாவாரி மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"என்னட்டி பெரிய ஈரம்? ஐந்தருவியவா தூக்கிட்டு வந்தேன்? நாலு துணி. மாடியில எடமில்லேன்னான் தம்பி. பின்பக்கம் போனா, இந்த ஓட்டை வழியா வார காத்துல தெரு நாயி பூராவும் சொகமாப் படுத்துக் கெடக்கு. கைய வச்சுப் பாத்தேன், அடுப்படி மாதிரி இருந்துச்சு. சரின்னு உள்ள கட்டிட்டேன்."

பேச்சித்தாய் துண்டைப் பிய்த்து எறிந்தாள். புலியருவியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு தாங்காமல் தானாகவே நின்றிருக்கிறது, வேறு பழுதில்லை. மறுபடி போட்டதும் உறுமிக்கொண்டு கிளம்பியது. அப்பாடா என்று திரும்பி, கொடியில் கிடந்ததையெல்லாம் வாரி வெளியே வீசப் போனாள். வாரிய கை அப்படியே நின்றது.

சேலை காய்ந்திருந்தது. பாவாடை காய்ந்திருந்தது. பூந்துவாலையை இழுத்துப் பார்த்தாள். சீசனில் வாரக்கணக்கில் காயாத அந்தத் தடித் துவாலை, பொரித்தெடுத்த அப்பளம்போல் மொறமொறவென்று நின்றது. முகத்தில் வைத்து அழுத்தினாள். கதகதப்பு. ஒரு பொட்டு வாடை இல்லை.

"மதினி, இத எப்பப் போட்டிய?"

"இப்பத்தாம்ட்டி. போட்டுட்டுப் போயி ஒரு காப்பி குடிச்சேன்."

பேச்சித்தாய் பின்சுவர் ஓட்டையைப் பார்த்தாள். நான்கு வருஷம்! நான்கு வருஷமாக அந்தச் சூட்டை ஓட்டை வழியாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். சூடு அவளுக்குச் சத்துரு. அதை விரட்ட ஃபேன் வாங்கினாள், ஓட்டையைப் பெரிதாக்கினாள். பத்தடி தள்ளி மாடியில் புருஷன் ஒரு கைப்பிடிச் சூட்டுக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஈரம் உள்ளே வரக்கூடாதாம்! என்ன சட்டம், என்ன கத்தல்! தெரு நாய்க்குத் தெரிந்தது இந்தக் கம்ப்யூட்டர்காரிக்குத் தெரியவில்லையே என்று அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. சொக்கம்மாளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். சொக்கம்மாள் மங்குஸ்தானைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஏங்க! ஏங்க! பெட்ஷீட்டக் கொண்டாங்க!"

இசக்கிப்பாண்டி மாடியில் இருந்து எட்டிப் பார்த்தான். "என்னட்டி, வேன் வந்துட்டா?"

"வேனு கெடக்கு. பெட்ஷீட்டக் கொண்டாங்கங்கேன்!"

"எங்க?"

"மில் ரூமுக்கு!"

அவன் இறங்கி வந்து ஈரக் கூடையோடு வாசலில் நின்றுகொண்டான். பழக்கதோஷம். சாக்கில் காலைத் துடைத்தான். துடைத்துவிட்டும் தயங்கினான். இது என்ன புதுச் சண்டைக்கு வழியோ என்று அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. பேச்சித்தாய் அந்தப் பூந்துவாலையை எடுத்து அவன் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். தொட்டுப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி தொட்டுப் பார்த்தான்.

"இது அக்கா துவாலைலா. விடியக்காலம் அருவியில நனைஞ்சது."

"அதேதான்."

"சவத்த மூதி!" என்றான். யாரைத் திட்டினான் என்று தெரியவில்லை. கூடையை உள்ளே தூக்கி வைத்துவிட்டு அடுத்த கூடைக்கு ஓடினான்.

உடனே எல்லாம் சரியாக நடந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். முதல் பெட்ஷீட்டை ஆசையில் மிஷினுக்கு மிக நெருக்கமாகக் கட்டிவிட்டார்கள். அது காற்றுப் போகிற வழியையே அடைத்துக்கொள்ள, பேரருவி கீச்சென்று அலறியது. பேச்சித்தாய் பாய்ந்து கயிற்றை அறுத்தாள். பெட்ஷீட் தரையில் விழுந்து அழுக்கானது. "இன்னொரு தடவ துவைக்கணுமே" என்று இசக்கிப்பாண்டி தலையில் கை வைத்தான். அடுத்த கயிற்றைக் கை எட்டுகிற தூரத்துக்குத் தள்ளிக் கட்டினாள். நூல் தூசு உள்ளே போய்விடுமே என்று, மிஷின்களின் முன்பக்கம் முழுவதும் பழைய கொசுவலையை மடித்துக் கட்டினாள். சூடு வெளியே ஓடிவிடாமலிருக்க ஆட்டோவின் தார்ப்பாயைக் கழற்றி இரண்டு பக்கமும் தொங்கவிட்டாள். ஈர ஆவி போவதற்கு மட்டும் பின் ஓட்டையை விட்டுவைத்தாள். கையும் காலும் அவளுக்கு நிற்கவில்லை. போனில் ஒவ்வொரு மிஷினின் சூட்டையும் பார்த்துப் பார்த்து, "பழைய அருவிப் பக்கம் இன்னும் ரெண்டு போடலாம், சிற்றருவிக்கு வெறும் தலையணை உறையப் போடுங்க" என்று உத்தரவு போட்டுக்கொண்டே இருந்தாள்.

தூத்துக்குடிக் கூட்டம் முழுவதும் வேலையில் இறங்கிவிட்டது. சொக்கம்மாள் பிழிந்து கொடுத்தாள், அவள் புருஷன் கயிறு கட்டினார், கொழுந்தன் பெண்டாட்டி மடித்து அடுக்கினாள். அந்த இரைச்சலில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. ஆகவே எல்லோரும் கத்தினார்கள், கத்திக்கொண்டே சிரித்தார்கள். கல்யாண வீட்டில் சமைக்கிற ஆக்குப்புரை மாதிரி இருந்தது. கடைசிப் பெட்ஷீட்டை இஸ்திரி போட்டு ஆட்டோவில் ஏற்றியபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டவில்லை.

குற்றாலத்தில் இருந்து இசக்கிப்பாண்டியின் போன் வந்தது.

"பேச்சி! பேச்சி, கேக்குதா? மேனேஜரு ஒவ்வொண்ணா மோந்து பாக்காரு! வெயில்ல காஞ்ச மாதிரி இருக்குங்காரு! எங்கன காயப்போட்டேன்னு கேக்காரு, நான் சொல்லலயே! பக்கத்து லாட்ஜ்காரனும் நிக்கான். அவன் லாண்டரி வண்டி திருநெல்வேலி ரோட்டுல மாட்டிக்கிட்டாம். அவன் துண்டையும் ஏத்தட்டுமா? ஏத்தட்டுமா சொல்லு!"

"ஏத்துங்க! எல்லாத்தையும் ஏத்துங்க!"

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு மற்றது ஞாபகம் வந்தது. சாயங்காலம் தாணு வருவார். அச்சாரம் வாங்கியாகிவிட்டது. வார்த்தை கொடுத்தாகிவிட்டது. அதைவிட இன்னொன்று அவளை அரித்தது. இது சூடுதானே? சூட்டுக்கு இந்தக் கிழட்டு மிஷின்கள்தான் வேண்டுமா? வேறு எதிலும் சூடு வராதா? ஆசைப்பட்டு மனசு தன்னையே ஏமாற்றுகிறதோ? அடுப்படியில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்தபடியே சாப்பிடாமல் யோசித்தாள். பிறகு திடீரென்று எழுந்து கையைக் கழுவினாள். முகம் தெளிந்திருந்தது.

சாரல் வலுத்த நேரத்தில் தாணுவின் வேன் வந்தது. தாணு நல்ல மனுஷன், ஆனால் யாவாரி. உள்ளே வந்ததும் தார்ப்பாயையும் கொசுவலையையும் தொங்குகிற துண்டுகளையும் பார்த்துவிட்டு மூக்கைச் சொறிந்தார்.

"என்ன தங்கச்சி, பேக் பண்ணலியா? இங்கன என்ன சலவைக் கடை போட்டிருக்கு?"

"அண்ணாச்சி, மன்னிச்சுக்கிடுங்க. மிஷினத் தர முடியாது. அச்சாரம் இந்தா இருக்கு. வண்டி வாடகையும் தந்துருதேன்."

தாணுவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நாகர்கோவில்லேந்து மழையில வந்திருக்கேன். வாக்குன்னு ஒண்ணு இல்லையா?"

"இருக்கு. தப்பு எம்மேலதான். ஆனா காலையில எனக்குத் தெரியாதது இப்பத் தெரிஞ்சிட்டு." நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். ஆட்டோவில் இருந்து துண்டு மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த இசக்கிப்பாண்டியும் வந்து பக்கத்தில் நின்றான்.

தாணு எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இம்புட்டுதானா? ஏ தங்கச்சி, நீ படிச்ச பிள்ள. சூடுதான வேணும்? கடையில நாலு ஹீட்டர் வாங்கி வை. இதே சூடு வரும். இந்தப் பழசையெல்லாம் எங்கிட்டத் தள்ளிட்டு, வாற காசுல ஹீட்டர் வாங்கினது போக மிச்சமும் கையில நிக்கும். யோசிச்சுப் பாரு."

இசக்கிப்பாண்டி பெண்டாட்டியைப் பார்த்தான். அவர் சொல்வது சரி மாதிரித்தான் அவனுக்குப் பட்டது.

"யோசிச்சேன் அண்ணாச்சி" என்றாள் பேச்சித்தாய். "ஹீட்டரு ஒரு யூனிட் கரண்டுக்கு என்ன சூடு தருமோ, அதே சூட்டத்தான் இதுவும் தருது. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. ஆனா ஹீட்டரு சூட்டக் குடுத்துட்டுச் சும்மா இருக்கும். இது சூட்டயும் குடுத்து, கையில காயினயும் வைக்கும். இம்புட்டு நாளும் நான் காயின வச்சுக் கரண்டு பில்லக் கட்டப் பாத்தேன், முடியல. இப்பப் பில்ல லாண்டரிக் காசு கட்டும். காயின் பூராவும் மிச்சம். நீங்களே சொல்லுங்க, ஹீட்டரு வாங்குதவன் புத்திசாலியா, நானா?"

தாணு விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். மடக்கின விரலை நீட்டினார். மறுபடி மடக்கினார்.

"சரி. சீசன் முடிஞ்சு வெயிலு வந்தா?"

"ஐப்பசி கார்த்திகையில மழை இல்லையா? அப்பவும் ஓடும். வெயிலடிச்சா நிறுத்திப் போடுவேன். மாடியில சும்மா காயும். வருஷம் பூரா ஓட்டணும்னு எவன் சட்டம் போட்டான்? நான்தான் நிறுத்துனா தோத்த மாதிரின்னு நெனச்சுக்கிட்டு நட்டத்துல ஓட்டிக்கிட்டுக் கெடந்தேன்."

சொல்லிவிட்டு மூச்சு வாங்க நின்றாள். கண்ணெல்லாம் பளபளத்தது. தாணு தொங்கிக்கொண்டிருந்த ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்தார். அச்சாரத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாடகையை மட்டும் கையால் தள்ளிவிட்டார்.

"அது வேண்டாம். இந்தக் கணக்கு எனக்கு இம்புட்டு நாளும் தோணலியே." வாசல் வரை போனவர் திரும்பினார். "தங்கச்சி, எங்கிட்ட இதே மாதிரி நாலு மிஷினு ஆறு மாசமாக் கெடக்கு. வாங்க ஆளில்ல. வேணும்னா கேட்ட வெலைக்குத் தாரேன்."

பேச்சித்தாய்க்கு ஆசை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் காலையில் விற்கப்போனவள் சாயங்காலம் வாங்குகிறேன் என்று எந்த முகத்தோடு சொல்ல? இருக்கிற ஆறுக்காகவே இந்த வீட்டில் எத்தனை சண்டை நடந்திருக்கிறது! புருஷன் பக்கம் திரும்பாமல் தரையைப் பார்த்துக்கொண்டு, "இருக்கட்டும் அண்ணாச்சி, பாக்கலாம்" என்றாள்.

இசக்கிப்பாண்டி தோளில் கிடந்த மூட்டையை இறக்கி வைத்தான். மில் ரூமின் மேல்மூலையில் ஓடுகிற வயர்களைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தான்.

"நாலும் வந்தா நம்ம லைன் தாங்குமா பேச்சி?"

அந்த மிஷின்களைப் பற்றி அவன் சண்டைக்கில்லாமல் கேட்ட முதல் கேள்வி அதுதான்.  அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"கரண்டு ஆபீஸ்ல லோடு கூட்டி எழுதிக் குடுத்தாத் தாங்கும்" என்றாள்.

"அப்ப எழுதிக் குடு" என்றான் அவன். பிறகு வாசலைப் பார்த்து, "அண்ணாச்சி, அத வேற எவனுக்கும் குடுத்துராதீங்க!" என்று சாரலையும் மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கிற மாதிரி கத்தினான்.